எதிர் டீமுக்குப் பிடித்த கேட்ச்

கல்லூரி கிரிக்கெட்டில் நான் பிடித்த முதல் கேட்ச் எங்கள் கேப்டனுடையது. அவள் அடித்தாள், நான் பிடித்தேன், அவள் அவுட். கேட்கிறவர்கள் ஏதோ பயிற்சி ஆட்டம் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. நடுவர்கள் இரண்டு பேர், தோல் பந்து, எல்லாம் முறைப்படி நடந்தது. தோற்றோம். அதுவும் முறைப்படிதான்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் பூத்தோட்டம் இருக்கிறது. பாதி மல்லிகை, பாதி கனகாம்பரம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான். அண்ணன் ஐந்தாம் வகுப்போடு பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டான், அதனால் அவன் கணக்கில் வரமாட்டான். இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் தலையைக் குனிய வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். நான் குனிவதில்லை. மோட்டார் ஸ்டார்ட்டரோடு வந்த தாள், பஞ்சாயத்து ஒட்டுகிற நோட்டீஸ், உர மூட்டையின் முதுகு, எதுவாக இருந்தாலும் எங்கள் தெருவில் என்னிடம்தான் வரும். அதனால் ஒரு கெட்ட பழக்கமும் எனக்கு வந்துவிட்டது. எதைக் கண்டாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பேன். படித்ததைக் கேட்காதவர்களுக்கும் சொல்வேன். எங்கள் கல்லூரி நூலகத்தில் கிரிக்கெட் சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கும் சீட்டில் என் கையெழுத்து மட்டும் நான்கு முறை இருக்கும், வேறு யாருடையதும் இருக்காது.

ஆனால் ஆட்டத்தை நான் புத்தகத்தில் கற்கவில்லை. எங்கள் ஊர்க் குளம் வற்றியதும் அதன் நடுவில் பிட்ச் போடுவார்கள். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் ஆடுவார்கள், நானும் போவேன். ஆட்களைப் பிரிக்கும்போது எண்ணிக்கை ஒற்றைப்படையாக வந்தால் மிச்சப்படுகிற ஆளுக்குக் காமன் என்று பெயர். இரண்டு பக்கத்துக்கும் பொது. எந்தப் பக்கம் ஃபீல்டிங் நிற்கிறதோ அந்தப் பக்கத்தோடு நிற்க வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் கடைசியாகப் பேட் பிடிக்கலாம். நான் போனதால்தான் ஒற்றைப்படை ஆகும். ஆகவே நான்தான் எப்போதும் காமன்.

காமனுக்கு ஒரே ஒரு சட்டம். நிற்கிற நேரத்தில் நிற்கிற பக்கத்துக்கு முழுசாக நிற்க வேண்டும். பிடிக்கக்கூடிய பந்தை வேண்டுமென்றே விட்டால் மறுநாள் குளத்துப் பக்கம் வரவேண்டாம் என்பார்கள். சொந்த அண்ணன் அடித்த பந்தாக இருந்தாலும் பிடித்துத்தான் ஆகவேண்டும். எத்தனை தடவை அவனை அவுட்டாக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு ராத்திரி சோறு தின்கிற வரைக்கும் பேசமாட்டான். மறுநாள் அவனேதான் என்னைக் கூப்பிட வருவான்.

புதுக்கோட்டையில் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே கிரிக்கெட் டீமுக்குப் பெயர் கொடுத்தேன். உடற்கல்வி மேடம் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"நீ என்ன? பேட்டிங்கா, பவுலிங்கா?"

"எல்லாம், மேடம்."

"எல்லாம்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்" என்றார், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சொன்னது உண்மைதான் என்று அங்கே இருந்தவர்களைப் பார்த்ததும் புரிந்தது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை இருந்தது. கேப்டன் கணக்குப் பிரிவில் இரண்டாம் ஆண்டு, முதல் ஆளாகப் பேட் பிடிப்பாள். நெட்டையாக இருப்பாள், வார்த்தையை எண்ணித்தான் பேசுவாள். விக்கெட் கீப்பர் கோட்டைப்பட்டினத்துப் பக்கத்துப் பெண். தலையில் முக்காட்டை இறுக்கிக் கட்டி அதன் மேல் தொப்பியைக் கவிழ்த்திருப்பாள். கையுறை, அவள் அத்தா என்று கூப்பிடுகிற அப்பா துபாயிலிருந்து அனுப்பியது. கேப்டன் பேசாமல் மிச்சம் வைத்த எல்லாவற்றையும் இவள் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பேசித் தீர்த்துவிடுவாள். அரிமளத்திலிருந்து வருகிறவள் வேகப்பந்து வீசுவாள். ஏழாவதாக இறங்கி ஓங்கி அடிப்பதற்கென்றே ஒருத்தி இருந்தாள், அவளை எல்லோரும் செவன் என்றுதான் கூப்பிடுவோம். பந்து பட்டால் மைதானத்தைத் தாண்டும். பெரும்பாலும் படாது.

நான் பன்னிரண்டாவது ஆள். தண்ணீர் கேன் தூக்குவது, கிட் பையை எண்ணி ஏற்றுவது, ஸ்கோர் புத்தகம் எழுதுவது. முதல் வருடம் முழுக்க அப்படியே போனது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் ஸ்கோர் புத்தகம் அழகாக இருந்தது. பதினொரு பெயரையும் நான்தான் எழுதுவேன், அதில் என் பெயர் வராது.

இரண்டாம் வருடம் அம்மா ஒரு கட்டளை போட்டாள். சாயந்திரம் மும்முனை கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுப் பூவுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒருவர் மோட்டாரிடம் நிற்க, ஒருவர் பாத்திக்குப் பாத்தி மடை மாற்ற வேண்டும். நான் பயிற்சி முடிந்து ஆறு மணி பஸ்ஸில் வருவதால் அம்மா இரண்டையும் ஒற்றை ஆளாக ஓடி ஓடிச் செய்துகொண்டிருந்தாள். அப்பா பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு லோடு வண்டிக்குப் போய்விடுவார், அண்ணன் வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான்.

"தெனமும் லேட்டா வார. ஆடுனியான்னு கேட்டா இல்லைங்குற. தண்ணி குடுக்குறதுக்கா ஆத்தா காலேஜ் போற? இங்க செடி தண்ணி இல்லாம நிக்குது" என்றாள்.

"அடுத்த ஆட்டத்துல எடுத்துருவாங்கம்மா."

"பொங்கல் வரைக்கும் பாக்குறேன். ஒரு ஆட்டமாச்சும் ஆடிட்டு வா. இல்லைன்னா தை பொறந்ததும் நாலு மணி பஸ்சுல வந்து மடைய மாத்து."

பொங்கலுக்கு முன்னால் மிச்சம் இருந்தவை இரண்டே ஆட்டங்கள். அடுத்தடுத்த நாட்களில், அரிமளம் ரோட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில். முதல் நாள் பதினொரு பேரை அறிவித்தபோது வழக்கம்போல என் கையில் ஸ்கோர் புத்தகம்தான் வந்தது.

எதிர் டீம் மெரூன் நிறச் சட்டை, நாங்கள் நீலம். அவர்கள் முதலில் ஆடி இருபது ஓவரில் நூற்றுப் பதினெட்டு எடுத்தார்கள். எங்கள் பக்கம் கீப்பர் சீக்கிரமே அவுட்டாகி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கேப்டன் மட்டும் அசையாமல் நின்று ஆடினாள். பன்னிரண்டாவது ஓவரில் மெரூன் பெண் ஒருத்தி பந்தைத் துரத்தி ஓடி, மழை பறித்திருந்த ஒரு குழியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் சரியாகப் பதினொரு பேர்தான் வந்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளுக்கு அன்றைக்குப் பரீட்சையாம்.

இந்த மாதிரி நேரத்துக்கு எங்கள் பக்கத்துக் கல்லூரி ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் குறைந்த பக்கத்துக்கு, பேட்டிங் ஆடுகிற பக்கம் ஒரு ஃபீல்டரை இரவல் கொடுக்கும். வழக்கத்தில் இன்னொரு பாதியும் இருக்கிறது. இரவல் ஆள் எங்காவது ஓரமாக நிற்பாள், பந்து வந்தால் பைய ஓடுவாள், எறிந்தால் கொஞ்சம் தள்ளி எறிவாள். எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். இந்தப் பாதிதான் எனக்குத் தெரியாது. சட்டப் புத்தகத்தில் அது இல்லை.

"ஏய், நீ போ. சும்மாதான ஒக்காந்திருக்க" என்றார் மேடம்.

புத்தகத்தைக் கீப்பரிடம் கொடுத்தேன். "போடி, போயி நல்லா வேடிக்கை பாரு" என்றாள் அவள். கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அறிவுரை சொல்லியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டி உள்ளே போகிறேன். காலுக்குக் கீழே செம்மண் சரளை நொறுங்குகிற சத்தம்கூடப் புதிதாகக் கேட்டது. மெரூன் கேப்டன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பந்து அதிகம் வராத தேர்ட் மேனில் கொண்டுபோய் நிறுத்தினாள். அவள் மேல் தப்பில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

நான்காவது பந்து அங்கேயே வந்தது. கேப்டன் லேசாகத் திருப்பிவிட்ட பந்து, நிச்சயமாக நாலு. ஓடினேன், விழுந்தேன், ஒற்றைக் கையால் மறித்து எழுந்து மெரூன் கீப்பர் கைக்கு எறிந்தேன். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. மெரூன் பெண்கள் கை தட்டினார்கள். எங்கள் பெஞ்சிலிருந்து கீப்பரின் குரல் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஏன்டி, அது நம்ம புள்ளதான?"

மெரூன் கேப்டன் என்னை மறுபடி ஏற இறங்கப் பார்த்தாள். "ஏய் ப்ளூ, நீ இங்கிட்டு வா. மிட்விக்கெட்ல, பவுண்டரிக்கிட்ட நில்லு" என்றாள். பத்து நிமிடத்தில் எனக்குப் பதவி உயர்வு. எங்கள் டீமில் ஒன்றரை வருடமாகக் கிடைக்காதது. பெருமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

மூன்று ஓவரில் பதினேழு ரன் வேண்டும், ஐந்து விக்கெட் மிச்சம். கேப்டன் நாற்பத்தாறில் இருந்தாள். அப்போது ஒரு பந்து குட்டையாக விழுந்தது. அவள் காலை ஊன்றி என் பக்கமாகத் தூக்கி அடித்தாள். அடித்த வேகத்தில் பந்து பவுண்டரிக்குத்தான் என்று முடிவுகட்டி ஓடாமல் நின்று பார்த்தாள்.

பந்து மேலே இருந்தபோது நான் யோசிக்கவே இல்லையா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். யோசித்தேன். நன்றாகவே யோசித்தேன். அது எங்கள் கேப்டன் அடித்தது, விட்டால் நாலு, பிடித்தால் அவுட், இதெல்லாம் ஓடிக்கொண்டேதான் தோன்றியது. ஆனால் விடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. விட்டுப் பழக்கமில்லை. பந்துக்குக் கீழே போய்ச் சேரும்வரைதான் யோசனை. போய்ச் சேர்ந்த பிறகு கை தானாக அதன் வேலையைச் செய்துவிட்டது.

மெரூன் பெண்கள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். என் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. "செம ப்ளூ" என்றாள் ஒருத்தி. அவர்கள் தோளுக்கு மேலாக எங்கள் கேப்டன் மட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்தேன். எங்கள் பெஞ்ச் மிட்விக்கெட் பக்கத்து வேப்ப மரத்தடியில் இருந்ததால் அவள் என்னைக் கடந்துதான் போக வேண்டும். பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒனக்கு நான் என்னடி பண்ணேன்?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

கடைசியில் நூற்றுப் பதினைந்தில் ஆட்டம் முடிந்தது. மூன்று ரன்னில் தோல்வி. அந்த ஒரு பந்து நாலுக்குப் போயிருந்தால் அவளுக்கு ஐம்பது, எங்களுக்கு வெற்றி. இந்தக் கணக்கைப் போடுவதற்குக் கணக்குப் பிரிவு தேவையில்லை. வேனில் ஏறும்போது எல்லோர் முகத்திலும் அது எழுதியிருந்தது. ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். கேப்டன் பெயருக்கு நேராக, பிடித்தவர் என்ற இடத்தில், 'சப்' என்று மட்டும் இருந்தது. மாற்று ஆளுக்கு அப்படித்தான் எழுத வேண்டும், அது சட்டம். பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் 'துரோகி' என்றும் இருந்தது. அது சட்டத்தில் இல்லை, கீப்பரின் சொந்தச் சேர்க்கை.

வேன் கிளம்பியது. மேடம் முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் தூங்கவில்லை. முதலில் வாயைத் திறந்தது செவன்.

"விட்டுருக்கலாம்ல? கையில பட்டு நழுவுன மாதிரி விட்டுருக்கலாம்ல?"

"சப்ஸ்டிட்யூட் புடிச்சாலும் அவுட்டுன்னு சட்டத்துல இருக்கு" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் படித்தது நாக்கு நுனியிலேயே இருந்து தொலைக்கிறது.

"அவுட்டுன்னு எங்களுக்கும் தெரியும்டி. நீ ஏன் புடிச்சன்னுதான் கேக்குறேன்."

"எங்க ஊர்ல காமன்னு ஒரு ஆளு உண்டு" என்று ஆரம்பித்து, குளத்துச் சட்டம் முழுவதையும் சொன்னேன். அண்ணனை அவுட்டாக்கியது வரைக்கும் சொன்னேன்.

"நாங்க அத ஜோக்கரும்போம்" என்றாள் கீப்பர், பின் சீட்டிலிருந்து. "கடக்கரையில ஆடுவோம். எங்க மாமா மவன்தான் ஜோக்கரு. அன்னைக்கு எவன் வீட்டுல நல்ல மீனோ, அவன் அடிச்சா விட்டுருவான். வஞ்சிர மீனுன்னா ரெண்டு தடவ விடுவான்."

யாரோ கொஞ்சமாகச் சிரித்தார்கள்.

"எங்க பக்கம் காமன் புடிச்சா பாதி அவுட்டுதான்" என்றாள் அரிமளத்துப் பந்துவீச்சாளர்.

"பாதி அவுட்டா? அது என்னடி கூத்து?"

"ரெண்டு தடவ புடிச்சாத்தான் ஒரு அவுட்டு. ரெண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி ஆளுதான அவன்."

இது நியாயமா இல்லையா என்று வேன் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பாதி அவுட்டானவன் எந்தப் பக்கம் நின்று பேட் பிடிப்பான் என்ற கேள்வியில் கொஞ்ச நேரம் நான் செய்த குற்றம் மறந்தே போய்விட்டது. செவன்தான் திரும்ப இழுத்து வந்தாள்.

"இது கொளமும் இல்ல, கடக்கரையும் இல்ல. டோர்னமென்ட்டு. நீல சட்டைய போட்டுக்கிட்டு நீல சட்டைக்காரிய அவுட்டாக்குனா அதுக்குப் பேரு என்ன?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கேப்டன் அப்போதுதான் பேசினாள், வெளியே பார்த்தபடியே.

"நாலு ரன்னுடி. இதுவரைக்கும் ஒரு அம்பது போட்டதில்ல நான். இன்னைக்குப் போட்டுட்டு வீட்டுக்குப் போன் பண்றேன்னு சொல்லிருந்தேன்."

அதற்குப் பிறகு பாதி அவுட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று பார்த்தேன். கேட்டால் பிடித்தது தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அது தப்பு என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த அவள் முகத்தைப் பார்த்தால் சும்மா இருக்கவும் முடியவில்லை. புதுக்கோட்டை வரும்வரை ஸாரி என்ற வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்துவிட்டு, கடைசியில் விழுங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "இன்னைக்காச்சும் ஆடுனியா?"

"ஆடுனேன்."

அம்மா முகம் மலர்ந்தது. "அப்புடியா? யார ஜெயிச்சீங்க?"

"நான் எதிர் டீமுக்கு ஆடுனேம்மா. அவங்களுக்கு ஆள் இல்ல. நாங்க தோத்துட்டோம்."

"அது கணக்குல சேராது" என்றாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். அதிலும் என்னை எடுப்பார்கள் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. கூட்டிக்கொண்டு போனாலும் தண்ணீர் கேனைக்கூட நம்பிக் கொடுப்பார்களோ என்னவோ. மறுநாள் காலை பஸ் ஆலங்குடி தாண்டும்போது எங்கள் வாட்ஸப் குழுவில் கேப்டன் பதினொரு பெயர்களை அனுப்பியிருந்தாள். பழக்கத்தில் மேலிருந்து கீழே படித்தேன். ஒன்பதாவது இடத்தில் என் பெயர் இருந்தது. செவன் பெயர் இல்லை. கிண்டலுக்குப் போட்டிருக்கிறாள் என்று நினைத்து, கீழே யாராவது சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் எதுவும் போடவில்லை.

மைதானத்தில் கேப்டன் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"ராத்திரி பூரா யோசிச்சேன்" என்றாள். "நேத்து அந்தப் பந்த அடிச்சிட்டு நான் ஓடவே இல்ல. ஏன் தெரியுமா? அது நாலுதான்னு நெனச்சேன். நம்ம டீம்ல எவ அங்க நின்னிருந்தாலும் நாலுதான். எவளும் போயிச் சேந்திருக்க மாட்டா."

"சரி" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அந்த எடத்துல இன்னைக்கு எனக்கு ஒரு ஆளு வேணும். அதுக்காகத்தான். மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காத, அது வேற."

மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேப்டனிடம் கேட்டார். "பேட்டிங்கும் இல்ல, பவுலிங்கும் இல்ல. இவ எதுக்கு?"

"மிட்விக்கெட், மேடம்."

"அது நிக்கிற எடம்மா. வேலையா?"

"இவளுக்கு அதுதான் வேலை, மேடம்."

மேடம் இன்னொரு தடவை என்னைப் பார்த்தார், அப்புறம் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மிட்விக்கெட். ஒன்றரை வருடமாக 'எல்லாம்' என்று சொல்லித் திரிந்தவளுக்கு, இருபதடி அகல இடம் ஒன்று சொந்தமாகக் கிடைத்திருந்தது.

செவன் தண்ணீர் கேனோடு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஆட்டமாக அவள் சைபர். அதனால்தான் நீக்கப்பட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் இடைவேளையில் தண்ணீர் கொண்டு வந்தபோது எல்லோருக்கும் ஊற்றிவிட்டு எனக்குக் கடைசியாக ஊற்றினாள். அதுவும் பாதி டம்ளர்.

அன்றைக்கு நாங்கள்தான் முதலில் ஃபீல்டிங். எட்டாவது ஓவரில் அவர்களுடைய நல்ல ஆட்டக்காரி அரிமளத்துக்காரியின் பந்தை எனக்கு நேராகத் தூக்கினாள். ஓட வேண்டியதே இல்லை. ஓர் அடி பின்னால் வைத்தால் போதும். முந்தின நாள் பந்தோடு பார்த்தால் இது குழந்தை பிடிக்கிற பந்து.

நேற்று பந்தைப் பார்த்தேன். இன்றைக்கு நான் பார்த்தது பந்தை அல்ல. பிடித்ததும் கேப்டன் முகம் எப்படி இருக்கும், கீப்பர் ஸ்கோர் புத்தகத்தில் எழுதியதை அழிப்பாளா, அம்மாவிடம் எப்படிச் சொல்லலாம், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பந்து உள்ளங்கையில் பட்டு, மார்பில் பட்டு, தரையில் விழுந்தது.

பந்து வீசியவள் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குச் செம்மண் பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலாம் போல இருந்தது. அப்போது எனக்குப் பின்னால், வேப்ப மரத்தடியிலிருந்து, செவன் ரொம்ப நிதானமாகக் கேட்டாள்.

"ஏய், இன்னைக்கு யாரு பக்கம்டி நீ?"

முதலில் கீப்பர்தான் வெடித்தாள். கையுறையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சிரித்தார்கள். கேப்டன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், ஆனால் தோள் குலுங்குவது தெரிந்தது. பந்து வீசியவள் மட்டும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தாள். அது அவளுடைய விக்கெட். பிறகு அவளும், "விட்டது ரெண்டு பாதி அவுட்டுடி, முழுசா ஒண்ணு" என்றாள். நடுவர் என்ன நடக்கிறது என்று புரியாமல் எங்களைப் பார்த்தார். எதிர் டீம் பெண்கள் கேட்சை விட்டுவிட்டுச் சிரிக்கிற டீமை அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள்.

நானும் சிரித்தேன். அழுகையும் வந்தது, ஆனால் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

என்னை வேறு இடத்துக்கு மாற்றுவாள் என்று நினைத்துக் கேப்டனைப் பார்த்தேன். "எங்க போற? அங்கனயே நில்லு" என்றாள்.

அந்த ஆட்டக்காரி அதற்குப் பிறகு இருபத்தைந்து ரன் சேர்த்தாள். ஒவ்வொரு ரன்னும் என் கணக்கில்தான் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். நான் நின்ற இடத்தில் நான்கு பந்துகளை மறித்தேன். வேறு கேட்ச் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். ஐந்து விக்கெட் மிச்சம் இருக்க ஜெயித்துவிட்டதால் எனக்குப் பேட் பிடிக்கவும் வாய்க்கவில்லை. கேப்டன் முப்பத்தொன்றில் ஸ்டம்ப் பறிபோய் வந்தாள். அவளுடைய ஐம்பது அன்றைக்கும் வரவில்லை. மட்டையைப் பையில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

"நாளையிலேர்ந்து நாலரைக்கு வந்துரு. நானே தூக்கி அடிக்கிறேன், அம்பது கேட்ச் புடிச்சிட்டுத்தான் போகணும்."

"ஆறு மணி பஸ்சு இருக்கு" என்றேன். அப்புறம் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "நேத்து புடிச்சதுக்கு நான் ஸாரி சொல்ல மாட்டேன். ஆனா ஒனக்கு அம்பது போனது எனக்கு கஷ்டமாத்தான் இருக்கு."

அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "தெரியும்" என்றாள். "இன்னைக்கு விட்டதுக்காச்சும் சொல்லு."

அதற்குச் சொன்னேன். முழு மனதாகச் சொன்னேன்.

ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா சேலையைச் சொருகிக்கொண்டு மண்வெட்டியோடு கனகாம்பரப் பாத்தியில் நின்றாள். என்னைப் பார்த்ததும் மடையை அடைப்பதை நிறுத்தவில்லை, தலையை மட்டும் தூக்கினாள்.

"ஆடுனேம்மா" என்றேன். "எங்க டீமுக்கு."

"எத்தன அடிச்ச?"

"அடிக்க வரல. நிக்கிற எடம் குடுத்தாங்க. ஒரு பந்த விட்டுட்டேன்."

"திட்டுனாங்களா?"

"சிரிச்சாங்க."

அம்மா இதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று யோசித்தது போலத் தெரிந்தது. தண்ணீர் அடுத்த பாத்திக்குள் நுரையோடு ஏறிக்கொண்டிருந்தது. "அப்ப நாளைக்கு?" என்றாள்.

"நாலரைக்கு வரச் சொல்லிருக்காங்க. கேட்ச் புடிக்கப் பழக. ஆறு மணி பஸ்சுலதான் வாரேன்."

அம்மா மண்வெட்டியை வரப்பில் ஊன்றினாள். மோட்டார் ரூம் பக்கம் பார்த்தாள், பாத்திகளைப் பார்த்தாள், என் உரிந்த முழங்கையையும் பார்த்தாள்.

"நான் ஒத்தையில அங்கிட்டும் இங்கிட்டும் ஓட முடியாது" என்றாள். "காலையில பூப்பறிச்சதும் மடைய எல்லாம் வெட்டி வச்சுட்டுப் போ. சாயந்தரம் நான் தண்ணிய மட்டும் திருப்பிக்கிறேன்."

மறுநாள் காலையில் மல்லிகையைப் பறித்துக் கொடுத்துவிட்டு ஒன்பது மடை வெட்டினேன். குளிக்க நேரமில்லை, கால் மட்டும் கழுவிக்கொண்டேன். அதிலும் அவசரத்தில் பாதிதான் போனது. கணுக்காலில் சேறு காய்ந்து வெடிக்க, கிட் பையை மடியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.